செரி போதும்

1. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் எங்கள் குழுவில் மூன்று நாடுகள்: தென் கொரியா, நேப்பாளம், மலேசியா. முதலில் வருகிற நாடு மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும்.
2. கோலாலம்பூரில் கொரியாவை வென்றோம். நேப்பாளத்துக்குப் போய், யாருக்கும் விளங்காத காரணத்தால், ஒரு கோல்கூடப் போடாமல் சமன் செய்துவிட்டு வந்தோம். பிறகு அவர்களை இங்கே வரவழைத்து ஐந்து போட்டோம்.
3. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று என்ற அப்போதைய கணக்கில், கடைசி ஆட்டத்துக்கு முன் எங்களுக்கு ஐந்து புள்ளி, கொரியாவுக்கு நான்கு. அவர்கள் மண்ணில் சமன் செய்தாலே போதும்.
4. அந்த வாரம் பார்த்து எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டபத் தொலைக்காட்சி படுத்துக்கொண்டது.
5. பழுதுபார்க்க அதை என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு முக்கியம் ஐந்தாவதுதான். மின்னணுப் படிப்பை முடித்துவிட்டு, கூலிமில் ஓர் அரசாங்கப் பட்டறையில் பயிற்சியில் இருந்தேன். கரங்கான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ். சான்றிதழ் வாங்கி ஒரு வருடமாகியும், மண்டபப் பெட்டியின் பின்மூடியைத் தொட என்னை யாரும் விட்டதில்லை. இப்போது மண்டபக் குழுத் தலைவர், அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், அரை மனதோடு சம்மதித்தார். "பாத்து செய்மா. பொண்ணு கையில குடுத்தோம்னு நாளைக்கு நாலு பேரு சிரிக்கக் கூடாது."

திறந்து பார்த்தேன். உள்ளே டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தது. புதியது பினாங்கிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும். ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமை. இதை விளக்கியதற்கு, "அப்ப படிச்சதுக்கு என்ன புண்ணியம்லா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். எரிந்த டிரான்ஸ்பார்மருக்கும் என் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

எங்கள் தோட்டம் மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. பகலில் வானொலியில் இரைச்சல்தான் வரும். கெடாவில் அரசாங்க விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறன்று எனக்கு வேலை, தோட்டத்துக்கு ஓய்வு. ஆகவே பட்டறை வானொலியில் கேட்டு, முடிவைத் தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி அண்ணன் அலுவலகத்தைத் திறந்து காத்திருப்பார். புள்ளிக் கணக்கை எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டதால், மண்டபப் பலகையில் எழுதிவைத்தேன்: 'செரி போதும்.'

ஆட்டம் சமனில் முடிந்தால் மலாயில் செரி. நாங்களும் பந்து விஷயத்தில் அந்தச் சொல்லைத்தான் பேசுவோம். எதிர்வீட்டு அக்கா பலகையைப் பார்த்துவிட்டு, "என்னாத்துக்குடி செரி? என்னா போதும்?" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொரியா இரண்டு கோல் போட்டது. நாங்கள் ஒன்றும் போடவில்லை. மேலதிகாரியிடம் இரண்டு நிமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போன் செய்தேன். கம்பியில் கரகரப்பு.

"அண்ணே, தோத்துட்டோம்! ரெண்டு சைபர்!"

"என்னா சைபரு? சத்தமா சொல்லு தங்கச்சி!"

"சைபர்ணே! நமக்கு சைபர்!"

மேலதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"செரியா?" என்றார் கிராணி அண்ணன்.

போனை வைக்கலாமா என்று கேட்கிறார் என நினைத்தேன். "செரிண்ணே, செரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மண்டபத்தில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. பாயசம் கிண்டியிருந்தார்கள். மண்டோர் கையில் மாலை வேறு. "வந்துட்டா நம்ம டெக்னிசியன்!"

மாலையை வாங்காமலே விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பொம்பளைக்கு பந்து என்னா தெரியும், வெளயாடாதம்மா" என்றார் மண்டோர். யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தி வானொலிச் செய்தி வைத்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டதால் அது தெளிவாகக் கேட்டது.

"நீதானே செரின்னு சொன்ன? ரெண்டு தடவ!" என்று கிராணி அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நான் செரின்னு சொன்னேன். செரின்னு சொல்லல."

"அதத்தானே நானும் சொல்றேன்!"

சிரித்தவர்கள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளில் இரண்டையும் எழுதி, சரி வேறு, செரி வேறு என்று காட்டினேன். கிராணி வாங்கிப் படித்தார்: "செரி. செரி. ரெண்டும் ஒண்ணுதானேலா?"

மண்டோர் மாலையை ஆணியில் மாட்டினார். "ஒரு போன் சேதிய ஒழுங்கா சொல்லத் தெரியல. பெட்டிய என்னா செய்யப் போற?" கேட்டது கிராணியின் காது, சொன்னது என் வாய். இதில் தவறு முழுக்க வாயினுடையது என்று அன்றே தீர்மானமாகிவிட்டது. மறுநாள் காலை பெட்டியை லாரியில் ஏற்றிக் கூலிம் கடைக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை டிரான்ஸ்பார்மர் வந்தது. நானே அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் அதையே பொருத்தினார். வேறெதுவும் பழுதில்லை என்றும் சொன்னார். இதை மண்டோரிடம் சொன்னபோது, "பாத்தியா, கடைக்காரன் எப்படிக் கண்டுபுடிச்சான்" என்றார்.

இப்போதைய நிலவரம்: கொரியா குழுவில் முதலிடம், நாங்கள் இரண்டாமிடம். பெட்டி மண்டபத்துக்குத் திரும்பி நன்றாக ஓடுகிறது. அதற்குப் பிறகு ஒருமுறை பழுதானது, கடைக்குத்தான் போனது.