தினகரன் கட்டிப் பார்த்த பூ

உத்திரமேரூர் பஜாரில் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பக்கத்தில் தினகரனுடைய மெக்கானிக் ஷெட். அவனைப் போல பைக் இஞ்சின் தெரிந்தவனை நான் பார்த்ததில்லை. அவனைப் போல எந்த முடிவையும் சொந்தமாக எடுக்கத் தெரியாத ஆளையும் பார்த்ததில்லை.

எதற்கும் பூ கட்டிப் பார்ப்பான். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, பச்சையம்மன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுப்பான். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சசிரேகாவைக் கட்டிக்கொண்டது அப்படித்தான். மானாம்பதியில் இருந்த ஷெட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்ததும் அப்படித்தான். ஒரு நாள் ஷட்டருக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டானே, எனக்கு வந்ததே கோபம்!

"யோவ், சாமிக்கு வேற வேலவெட்டி இல்லியாய்யா?" என்று கத்தினேன்.

"பாய், உனுக்கு இது புரியாது. பூ இதுவரிக்கும் என்னைக் கைவிட்டதில்ல" என்று பல்லைக் காட்டினான்.

சசிரேகாவின் தம்பி கலைச்செல்வனுக்கு பைக் ரேஸ் பைத்தியம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் டிராக்கில் இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியைத் தயார் செய்வது மாமா தினகரன், சாமான் தருவது நான். போன மாசம் நடந்த ரேஸுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, தகுதிச் சுற்று. யார் வேகமாக ஒரு சுற்றை முடிக்கிறார்களோ அவர்களுக்கு மறுநாள் முன்வரிசை. எப்போதும் கடைசிக்குப் பக்கத்தில் வரும் நம்ம பையன் அன்றைக்கு முதலாவதாக வந்துவிட்டான்! பெரிய பெரிய டீம்காரர்கள் எல்லாம் எங்கள் வண்டியை வந்து எட்டிப் பார்த்தார்கள். தினகரன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான் தினகரன். காப்பிக் கலரில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. என்னிடம் காட்டினான். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று அர்த்தம். ஒரு சுற்றுக்கு வண்டி பறக்கும். முழு ரேஸும் அப்படியே ஓட்டினால் சூடு ஏறி பிஸ்டன் ஜாம் ஆகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில் அது நடந்தால் ஆள் என்ன ஆவான்?

"கார்ப்பரேட்டர்ல பெரிய ஜெட்டா போடு. கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்து போவட்டும்" என்றேன்.

கலைச்செல்வன் குறுக்கே வந்தான். "மாமா, அதுல கை வெக்காத. வேகம் போயிடும். மொத எடத்துல நின்னுக்கினு எல்லாரையும் முன்னாடி வுடச் சொல்றியா?"

அதற்குள் சேதி பஜாரில் தீயாகப் பரவிவிட்டது. பந்தயம் கட்டாத ஆளே இல்லை. கறிக்கடை மோகன் ஒரு கிடா ஆட்டைக் கட்டியிருந்தான். இன்னொருத்தன் புது போனைக் கட்டியிருந்தான். தினகரனே தன் சொந்த வண்டியைக் கட்டிவிட்டான், சாயங்காலம் பிளக்கைப் பார்த்த பிறகு! பந்தயம் எனக்கு ஆகாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். வெளுத்துப் போன பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பந்தயம் கட்டுவானா ஒருத்தன்?

மறுநாள் காலையில் மோகன் எனக்கு போன் பண்ணினான். "பாய், பூ இன்னா சொல்லிச்சி? நம்ம ஆளுங்க அதுக்குத்தான் வெயிட் பண்ணிக்கினு கீறாங்க. வெள்ளை வந்தா இன்னொரு ஆட்டையும் சேத்துக் கட்டிடுவேன்."

"உன் ஆட்டுல இடி வுய" என்று சொல்லி போனை வைத்தேன்.

டிராக்குக்கு பைக்கை ஏற்றி வந்த லோடு வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் அம்மன் படத்தை வைத்து, தினகரன் பொட்டலம் கட்டினான். "இதே ஜெட்டுல ஓட்டலாமா, தாயே?" என்று கேட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். சிவப்பு.

எனக்கு உயிரே வந்தது. எங்கள் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை, இருந்தாலும் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பூவை நம்பச் சொல்லி நானே அவனிடம் கெஞ்சினேன். "பாத்தியா, உன் சாமியே சொல்லிடுச்சி. எட்றா ஸ்பேனரை."

அவன் எடுக்கவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கை நடுங்கிச்சி பாய். சரியா குலுக்கல" என்று முனகிவிட்டு, மறுபடியும் மடித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூ கேட்பவர்கள் ஒரு விஷயத்துக்கு ஒரு முறைதான் கேட்பார்கள். வந்தது பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்பது சாமியோடு மல்லுக்கு நிற்கிற வேலை. இதை எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தான்.

இரண்டாவது முறை வெள்ளை வந்தது.

"ஓட்டுறா கலை!" என்று கத்திக்கொண்டே பையனிடம் ஓடினான். நான் பின்னாலேயே ஓடி, "கண்ணு, வண்டி சரியில்ல, எறங்கிடு" என்றேன். ஹெல்மெட்டுக்குள் அவன் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "பாய், மாமா தொட்ட வண்டி. ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று சுற்று முதலாவதாகத்தான் வந்தான். தினகரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். நாலாவது சுற்றில் தூரத்தில் வரும்போதே இஞ்சின் சத்தம் மாறியது. அது எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. குதிப்பதை நிறுத்திவிட்டான். நேர்ப்பாதையின் நடுவில் சத்தம் பட்டென்று நின்றது, வண்டி குறுக்கே திரும்பி கலைச்செல்வனைத் தூக்கி எறிந்தது. பின்னால் வந்த வண்டிக்கு ஒதுங்க நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது சசிரேகாதான். ஆபரேஷன் முடியும்வரை வராண்டாவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவள். தினகரன் தரையில் உட்கார்ந்து அழுதான். "வெள்ளைதான் வந்துச்சி சசி. சாமியே ஓட்டுன்னு சொல்லிச்சி. நான் இன்னா பண்ணுவேன்?"

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். சசிரேகா அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாய், நீங்க கூடவே இருந்தீங்க. மொத தபாவே வெள்ளையா வந்துச்சி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லம்மா. மொதல்ல செவப்பு."

அவள் குரல் உயரவே இல்லை. "அப்போ சாமி சொல்லிக்கீது. இவுருதான் கேக்கல. அவன் கண்ணு முழிச்சதும் இவுரே போயி சொல்லட்டும். சாமி மேல பழி போடக் கூடாது."

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "பேஷண்ட் முழிச்சிட்டாரு. கால் போனது இன்னும் அவருக்குத் தெரியாது. மாமா எங்க, மாமாவ வரச் சொல்லுங்கன்னு கேட்டுக்கினே கீறாரு. இங்க யாருங்க அவரோட மாமா?"

தினகரன் தலையைத் தூக்கவில்லை. சசிரேகாதான் அவனைக் கை காட்டினாள்.