இருபது எழுத்துக்குள் காலமானவர்

1. போன்

மலேசியாவின் மலாக்காவில், குருபோங்கில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம். சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். இப்போது கோடிங் கற்கிற தம்பி தங்கைகள், நீளமான வரியை வெட்டும் substr என்ற கட்டளை பற்றி என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் அலுவலக போன் அடித்தது. எடுத்தேன். புஷ்பா என்ற பெண் பேசினார். கூலாயிலிருந்து மலாக்காவுக்குக் கார் ஓட்டி வருவதாகவும், மேலே ஓட்ட முடியாமல் வழியில் பாகோ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தியிருப்பதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்க வெப்சைட்லதான் அப்பா செய்தி வந்திருக்கு அக்கா. பாடிய எங்க வச்சிருக்காங்க?"

அப்பா யார் என்று கேட்டேன். கடலோரத்தில், உம்பாயில் சுட்ட மீன் கடை வைத்திருக்கும் ராமையா என்றார். எனக்கும் அவரைத் தெரியும். சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டிருக்கிறோம்.

புஷ்பா சொன்னது நாங்கள் பராமரிக்கும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் வெப்சைட். பக்கத்தின் அடியில் எங்கள் போன் நம்பர் இருக்கும், அதைப் பார்த்து அழைத்திருக்கிறார். என் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். முகப்பில் ராமையாவின் படம். அதன் கீழே, "உம்பாய் மீன்கடை ராமையா காலமானார்..."

அதைத் தட்டி உள்ளே போனேன். முழுத் தலைப்பு வந்தது: "உம்பாய் மீன்கடை ராமையா காலமானார் என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் உண்மையல்ல."

புஷ்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அப்பா போனை எடுக்கவில்லை, தெரிந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் இதே செய்தியைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்தது. மறுப்பு முந்தின நாள் மாலை எழுதியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? காரை எடுக்க வேண்டாம், நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

2. வெட்டிய இடம்

போகிற வழியில் சங்கச் செயலாளர் அருள்நாதன் ஐயாவை அழைத்தேன். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தமிழை அளந்து எழுதுவார். புக்கிட் ரம்பாயில் ராமையா என்ற லோரி டிரைவர் ஒருவர் இறந்திருக்கிறார். பெயர் ஒன்று என்பதால் ஜனங்கள் மீன்கடைக்காரரோடு குழப்பிக்கொண்டார்கள். அதைத் தெளிவுபடுத்தத்தான் ஐயா அந்தச் செய்தியைப் போட்டிருந்தார்.

"நான் முழுசாத்தான்மா எழுதினேன். உங்க சிஸ்டம்தான் பாதிய முழுங்கிருச்சி."

அவர் சொன்னது சரி. ஆனால் சிஸ்டம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. சிக்கலே அதுதான்.

அந்த வெப்சைட்டின் டெம்ப்ளேட் வெளிநாட்டில் செய்தது. முகப்பில் தலைப்பு ஒரே வரியில் நிற்க வேண்டும் என்பதற்காக, நீளமாக இருந்தால் substr கொண்டு வெட்டிவிடும். substr எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். தமிழில் 'க' என்றால் மூன்று பைட், 'கா' என்றால் ஆறு. நடுவில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாக நிற்கும். அதற்குப் பதில் mb_substr போட்டோம். கேள்விக்குறி போனது, ஆனால் அது சுழியைத் தனி எழுத்தாக எண்ணுவதால் சில இடத்தில் 'மீ' என்பது சுழி இழந்து 'ம' ஆனது. பிறகு grapheme_substr போட்டோம். அது முழு எழுத்தாக எண்ணும். இருபது எழுத்து எடுத்து, சொல் பாதியில் நிற்காமல் இருக்கக் கடைசி இடைவெளி வரை பின்னால் வரச் செய்தோம். சங்கத்தில் எல்லாருக்கும் திருப்தி.

அந்தச் செய்தியில் இருபதாவது இடம் 'காலமானார்' என்ற சொல்லுக்கு அடுத்த இடைவெளி. எழுத்து உடையவில்லை, சொல் உடையவில்லை, இலக்கணம்கூட உடையவில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது மேலே வருவதும் அதே வெட்டிய தலைப்புதான். மூன்று புள்ளியை யாரும் கவனிக்கவில்லை. மரணச் செய்தியில் புள்ளி வைப்பது வழக்கம்தானே.

3. உம்பாய்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் சங்கீதா தலைப்பை மாற்றிவிட்டாள். ஆனால் ஏற்கெனவே ஜனங்களின் போனுக்குப் போய்விட்டதை எங்களால் திரும்ப எடுக்க முடியாது.

கடைக்குப் போனபோது ஷட்டர் மூடியிருந்தது. மாலையில் திறக்கிற கடைதான். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். சுவரில் ஒரு மலர்வளையம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கடை மலாய்க்கார அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போனோம், பூட்டியிருக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு தெரியல" என்றார் ஒருவர். யாரிடமும் உறுதியான தகவல் இல்லை.

என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது படகுகள் நிற்கும் ஜெட்டிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருந்தது. ஓட்டி வந்தவர் ராமையா.

அவர் வண்டியை நிறுத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மலர்வளையத்தின் அருகே போய் ரிப்பனைப் படித்தார்.

"பேரு சரியாத்தான் போட்டிருக்கானுங்க" என்றார்.

மலாய்க்கார அம்மா அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் அடித்தார். போன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். படகிலிருந்து மீன் இறக்கும்போது தண்ணீரில் விழுந்துவிட்டதாம். நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் பாகோவில் நிற்கிறார் என்றதும் அவர் முகம் மாறியது. என் போனை வாங்க நீட்டிய கையில் மீன் செதில். சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"புஷ்பா, அப்பாதான் பேசறேன். சாப்டியா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் இவர் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்து போனைக் கொடுத்தவர் அப்படியே ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவ அம்மா போனதையும் அவ போன்லதான் கேட்டாம்மா. வந்து சேர்றதுக்குள்ள பாடிய எடுத்துட்டோம்."

ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும், ஒரு சின்ன வீடியோ எடுத்து எல்லா குரூப்புக்கும் அனுப்பலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். கேமராவைப் பார்த்து, தான் நன்றாக இருப்பதாகவும், புக்கிட் ரம்பாய் ராமையாவின் குடும்பத்துக்குத் தன் அனுதாபம் என்றும், ராத்திரி கடை உண்டு என்றும் சொன்னார். இறந்துபோன அந்த இன்னொரு மனிதரை எங்களில் அன்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

புஷ்பா கூலாய்க்குத் திரும்பவில்லை. நேராக உம்பாய்க்கு வந்து அப்பாவைப் பார்த்த பிறகுதான் காப்பியே குடித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

4. என்ன மாற்றினோம்

மறுநாள் அருள்நாதன் ஐயாவோடு உட்கார்ந்தோம். வெட்டும் நீளத்தைக் கூட்டலாமா என்றுதான் முதலில் பேசினோம். சங்கீதா பழைய செய்திகளை எடுத்துப் படித்துக் காட்டினாள். தமிழில் இல்லை, அல்ல, கூடாது, வேண்டாம் எல்லாம் வாக்கியத்தின் வாலில் நிற்கின்றன. வால் எத்தனையாவது எழுத்தில் வரும் என்று எந்த ஃபங்ஷனுக்கும் தெரியாது. நாற்பது எழுத்து வைத்தாலும் வேறொரு வாக்கியம் அதில் மாட்டும்.

அதனால் தானாக வெட்டும் கோட் வரிகளை எடுத்துவிட்டோம். முகப்புக்கென்று தனிக் குறுந்தலைப்புப் பெட்டி வைத்தோம். செய்தி போடுபவர் இருபது எழுத்துக்குள் அதைத் தன் கையால் எழுத வேண்டும், எழுதாமல் சேவ் ஆகாது. இது கூடுதல் வேலை என்று ஐயா முணுமுணுத்தார். பிறகு கீபோர்டை இழுத்து, "நலமாக இருக்கிறார் உம்பாய் ராமையா" என்று அடித்தார். எண்ணிப் பார்த்தேன். இடைவெளியோடு சரியாக இருபது.

இப்போது எங்களிடம் புதிதாகச் சேருகிறவர்கள் வெட்டும் கோட் எழுதிக்கொண்டு வந்தால், எழுத்து உடைகிறதா என்று நான் சோதிப்பதில்லை. அதை அவர்களே பார்த்துவிடுவார்கள். வெட்டிய பிறகு மிஞ்சியதை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். முழுச் செய்தி தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு வரச் சொல்வேன். அவர் சொல்லும் பதில் முழுச் செய்தியோடு ஒத்துப்போனால்தான் அந்தக் கோட் சர்வருக்குப் போகும்.