பெல்ட்டோடு நடந்தவர்

எழுபதுகளில், வாவிக்கரை அரிசி ஆலையொன்றின் களஞ்சியத்தில், மூட்டைகளைத் தானாகக் கொண்டுசெல்லும் பெல்ட் பூட்டப் போயிருந்தேன். அங்கே மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர். ஒரு பக்கம் சாய்ந்த தோள், அதன்மேல் மடித்த சாக்கு. பெல்ட் ஓடத் தொடங்கியதும், ஒவ்வொரு மூட்டையோடும் கடைசிவரை கூடவே நடந்தார். திரும்பி ஓடிவந்து அடுத்ததோடு நடந்தார். பார்த்துப் பார்த்து எனக்கே கால் உளைந்தது.

“அதுதான் தானாப் போகுதே அண்ணன், கொஞ்சம் இருங்களன்.”

“இருந்தா, நான் இல்லாமலும் போகும் எண்டு முதலாளிக்கு விளங்கிரும் தம்பி” என்றார், நடந்துகொண்டே.

பெல்ட்டை இறுக்குவதற்காக நிறுத்தினேன். நின்றுபோன மூட்டையொன்றை அவர் தூக்கித் தோளில் வைத்தார். முதல்முறையாக நிதானமாக நடந்தார்.

சுவிட்சைத் திரும்பப் போட மனம் வரவில்லை. ஆனால் அதற்குத்தானே என்னை அழைத்திருந்தார்கள்.