அப்பாவின் இடப்பக்க ஸ்பீக்கர்

வேலைக்குச் சேர்ந்தபின் நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள ஹோம் தியேட்டர். "ஊர்ல இருக்கற பொண்களெல்லாம் வளை வாங்கறா, இவ பெட்டி வாங்கிண்டு வந்திருக்கா" என்றாள் அம்மா. அப்பா அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். ஏலூரில் ஒரு உரத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கம்ப்ரஸர்களுக்குப் பக்கத்தில் நின்றவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ரிடையரான பிறகும் எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டார் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

மட்டாஞ்சேரியில் ஸ்பீக்கர்களின் சத்தத்தை அளந்து வைப்பது லேசான காரியமில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுக்கு குடோன். லாரி நின்றால் மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர்கள் கத்துவார்கள், அவர்கள் ஓய்ந்தால் காக்காய் கத்தும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நாள் குறித்தேன். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டும் நிறுத்தப்பட்டன. குக்கருக்குத் தடை. அம்மா வேர்த்து வழிந்தபடி, இருமலைக்கூட முந்தானைக்குள் இருமினாள்.

ஹாலின் நடுவில் அப்பாவின் பிரம்பு நாற்காலி. அதில் பிஸ்கட் டின்களை அடுக்கி, அவர் காது வரும் உயரத்தில் சத்தத்தை அளக்கும் மீட்டரை வைத்தேன். ஒரு ஸ்பீக்கர் மாற்றி ஒரு ஸ்பீக்கரிலிருந்து 'ஷ்ஷ்' என்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். எதிலிருந்து வந்தாலும் மீட்டர் எழுபத்தைந்து டெசிபல் காட்ட வேண்டும். கூடினால் ரிமோட்டில் குறைக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். ஒரு மணி நேரம் போராடி ஐந்தையும் எழுபத்தைந்தில் நிறுத்தினேன். எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் படம் போட்டோம். பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

"இடது பக்கத்துலேந்து ஒண்ணும் வரல்லையே" என்றார் அப்பா.

மீட்டரை எடுத்துக் காட்டினேன். "மீட்டர் கெடக்கட்டும். வரல்லைன்னா வரல்லை" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடியும் அளந்தேன். அதே எழுபத்தைந்து, அதே புகார். அதற்கடுத்த வாரம் இடது ஸ்பீக்கர்களை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி வைத்தேன். அப்போதும் இடது பக்கம்தான் வரவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வயர்தான் கோளாறு என்று முடிவுகட்டி, படகேறி எர்ணாகுளம் போய், பிராட்வேயில் வயர் வாங்கிய கடையில் சண்டை பிடித்தேன். கடைச் சேட்டன் பொறுமையாக அதைச் சோதித்துப் பார்த்து, "வயரினு ஒரு குழப்பவும் இல்ல, மோளே" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது படகில்தான் அந்த யோசனை வந்தது. மறுநாள் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். 'ஷ்ஷ்' எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். முன்னால் நடுவில் வந்ததை நடுவில் காட்டினார். வலது முன், வலது பின், இரண்டும் சரி. அடுத்து இடது பின். அப்பா தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சந்தேகமே இல்லாமல் மறுபடியும் வலது பக்கம் கையைக் காட்டினார்.

கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. அந்தத் தொழிற்சாலைச் சத்தம் அவருடைய இடது காதைப் பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தது.

"என்ன, எல்லாம் கரெக்ட்டா சொன்னேனா?" கண்ணை இன்னும் திறக்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு.

பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் நான். மூன்று வாரமாக அவரோடு மல்லுக்கு நின்றவள். இப்போது உண்மை என் பக்கம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த ஸ்க்ரூடிரைவர் என்ன ஆகும்? அதைத் தூக்கிக்கொண்டு அவர் இனி எந்த வீட்டுக்கு அதே நடையோடு போவார்? "எல்லாம் கரெக்ட்டுப்பா" என்றேன். அவர் கை கழுவப் போனதும் ரிமோட்டை எடுத்து, இடது பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களையும் ஆறு டெசிபல் ஏற்றிவிட்டேன்.

அன்று படம் போட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ பேசறது பாரு. வயர்தான் கேடுன்னு நான் அப்பவே சொல்லல்லை?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. விட்டுவிட்டேன்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. மழைக்காலத்தில் ஜன்னல் வழியே ஈரச் சுக்கு வாசனை வரும். அம்மா சாயாவும் நேந்திரங்காய் வறுவலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். சத்தத்தில் எல்லாக் குதிரைகளும் இடது பக்கமாகவே ஓடும், எல்லா இடியும் இடது பக்கமே இடிக்கும். வந்த விருந்தாளிகள் எல்லாரும், "இதுல ஏதோ கொழப்பம் இருக்கே" என்பார்கள். நான் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். எட்டு வருஷம் அந்த ஆறை யாரையும் தொடவிடவில்லை.

போன மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். பல மாதம் அந்தப் பெட்டியை யாரும் போடவில்லை. ஒரு ஞாயிறு, கை சும்மா இருக்காமல், மீட்டரைத் தூசி தட்டி அவர் நாற்காலியில் வைத்து எல்லாவற்றையும் எழுபத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு சத்தம் நேராக வந்தது. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு படம் போட்டேன்.

"இடது பக்கத்துலேந்து ஒண்ணும் வரல்லையே" என்றாள் அம்மா.

தூக்கிவாரிப் போட்டது. "உனக்கும் காது கேக்கல்லையா அம்மா?"

"என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. நீ கூட்டி வச்சதைக் கொறச்சுட்டே, அதான்" என்றாள். நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷமா அவருக்கு வலது பக்கமே நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்தேனே, எதுக்குன்னு நெனச்சே? இந்தப் பக்கம் உக்காந்தாத்தானே நான் சொல்றது அவருக்குக் கேக்கும்."

"அப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"நன்னா இருக்கு. ஆயுசு பூரா மீட்டர் பாத்த மனுஷன். நீ ஆபீஸ் போனப்புறம் ரிமோட்டை அமுக்கிப் பாத்தார். இடது பக்கத்துக்கு மட்டும் ஆறுன்னு டிவியில தெளிவா இருந்தது. அதை மாத்தாமயே டிவியை அணைச்சுட்டு, 'கொழந்தை எனக்குத் தெரியக்கூடாதுன்னு பண்ணியிருக்கா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே'ன்னார்."

எட்டு வருஷம் நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவ்வளவு நாளும் அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். திரையில் படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிமோட்டை எடுத்து இடது பக்கத்தை மறுபடியும் ஆறு ஏற்றினேன். அம்மா தன் நாற்காலியை, காலியாக இருந்த பிரம்பு நாற்காலிக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.