ஒன்பதும் பதினொன்றும்

ராயபுரத்தில் குடியிருக்கும் அம்புரோஸ் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டிகளை எண்ணி எழுதுகிற வேலை. இறங்கினதும் லாரியில் ஏறினதும் ஒத்துப்போனால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் கவலையில்லை. இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஊரே செருப்பைத் தூக்கிக்கொண்டு கரப்பானைத் துரத்துகிறது, இவர் அதற்குக் கேரட் நறுக்கிப் போடுகிறார். கட்டைவிரல் பருமன், இறக்கை கிடையாது, தொட்டால் உஸ்ஸென்று சீறும் மடகாஸ்கர் கரப்பான்கள், மொத்தம் பதினொன்று. மனைவி சிலுவையம்மாள் திட்டி அலுத்து விட்டுவிட்டாள்.

கிறுக்கைத் தொற்ற வைத்தவன் வியாசர்பாடி அறிவு. கப்பலில் வேலை. போகும்போது தன்னுடைய ஒன்பதையும் தனி டப்பாவில் போட்டு இவரிடம் ஒப்படைத்தான். என்னிது வேற இனம், கலக்கக் கூடாது என்று என்னென்னவோ சொன்னான். அம்புரோஸ் காதில் ஒன்பது என்பது மட்டும்தான் ஏறியது.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு இரண்டு டப்பாவிலும் தெறித்துவிட்டது. பதறிப்போய் கரப்பான் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டி, டப்பாக்களைக் கழுவி, திரும்ப எண்ணிப் போட்டார். இதில் ஒன்பது, அதில் பதினொன்று. கணக்கு சரி.

இரண்டு வாரம் கழித்து அறிவு ஃபோன் பண்ணினான்.

“மாமு, நாளிக்கு வூட்டுக்கு வரேன். மூணு வருஷமா கலப்பு இல்லாம வளத்துகினு வரேன். உன்னிதோட சேரலியே?”

“சேரல, சேரல. நீ வா.”

வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. ஃபோனை வைத்ததும் டப்பாக்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தார். அறிவு முன்பு அனுப்பியிருந்த படத்தின்படி, அவன் இனத்து ஆணுக்குக் கழுத்துத் தகட்டின் முன்விளிம்பில் சின்ன வெட்டு இருக்கும். இவருடையதற்கு இருக்காது. வெட்டுள்ள ஆண் மூன்று அகப்பட்டன. பெண்ணுக்கு அடையாளமே இல்லை. பதின்மூன்று பெண்கள், அத்தனையும் ஒரே அச்சு. அதில் ஆறு அறிவுடையது. கண் எரிகிற வரைக்கும் பார்த்தார்.

கடைசியில் கைக்கு வந்த ஆறை எடுத்து ஆண்களோடு போட்டு மூடினார். எண்ணிக்கை என்னவோ சரிதான். ஆனால் சோறு இறங்கவில்லை.

“யாரு செத்தாங்கன்னு இப்டி குந்திக்கினு கீற?” என்றாள் சிலுவையம்மாள். என்னவென்று சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

மறுநாள் அறிவு வந்தான். மூடியைத் திறந்து ஒரு பெண் கரப்பானை உள்ளங்கையில் ஏற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பொட்டையப் பாத்தா எது எந்த இனம்னு எனக்கே தெரியாது மாமு,” என்று சிரித்தான். “அதான் வேற யாராண்டயும் குடுக்காம உங்கிட்ட குட்த்துட்டுப் போனேன்.”

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

“கலந்துட்டேன் அறிவு. ஆம்பள மூணும் உன்னிது. மத்தது சத்தியமா தெர்ல.”

அறிவின் சிரிப்பு நின்றது. கையிலிருந்ததை மெதுவாக டப்பாவில் விட்டான். கொண்டுவந்த பெட்டியில் மூன்று ஆண்களை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான்.

“கலந்தது போவட்டும் மாமு. நேத்து ஃபோன்ல கேட்டேனே, சேரலன்னியே.”

அறிவு படியிறங்கிப் போய்விட்டான்.