மொட்டைமாடி கிளப்பும் என் தங்கையின் நிக்காஹும்

போன வாரம் ஒருவர் போனில் என்னைத் திட்டினார். அவருக்கு நான் சுவரோர மேசையைக் கொடுத்ததுதான் குற்றம். "நல்ல இடமா?" என்று கேட்டார். "ரொம்ப நல்ல இடம் சார். மூலையில் இருக்கிறது, யார் தொந்தரவும் இருக்காது" என்றேன். "யார் கண்ணிலும் படாமல் உட்காருவதற்கா நான் பணம் கட்டுகிறேன்?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டு, டிஜே நிற்கும் மேடைக்கு எதிரே, எல்லோரும் கடந்துபோகிற வழியில் ஒரு மேசையை மாற்றிக் கொடுத்தேன். துபாயில் இந்த வேலைக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், நல்ல இடம் என்றதும் என் வாயில் மூலைதான் வருகிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பெரிய ஓட்டல்களின் மொட்டைமாடியில், கண்ணாடியால் மூடி ஏசி போட்ட நைட் கிளப் இருக்கும். வாசலில் வரிசையில் நின்று உள்ளே போகிறவர்கள் ஒரு கூட்டம். வரிசையில் நிற்காமல் நேரே போய் உட்காருகிறவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்கு விஐபி டேபிள். இவ்வளவுக்குக் குறையாமல் பாட்டில் வாங்குகிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் அந்த மேசை கிடைக்கும். மேடையை நெருங்க நெருங்கத் தொகை ஏறும். பாட்டில் வரும்போது நான்கைந்து பெண்கள் அதன் கழுத்தில் மத்தாப்பு கொளுத்தி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். யார் வாங்கியது என்று மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்குத்தான் விலை. எங்கள் விருத்தாசலத்தில் குடிக்கிறவர் பின்சந்து வழியாகக் கடைக்குப் போவார். தெரிந்த முகம் எதிரே வந்தால் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்துகொள்வார்.

நான் பாட்டிலைத் தொடுவதில்லை. பிற்பகலில் வந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போனிலும் வாட்ஸ்அப்பிலும் மேசைகளைப் பதிவு செய்வேன். முதல் விருந்தாளிகள் வரும்போது வாசலில் நின்று வரவேற்பேன். கூட்டம் சேர்வதற்குள் அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவேன். கீழே ஓட்டலில் அறை முன்பதிவு செய்யத்தான் என்னை எடுத்தார்கள். மேலே கிளப் திறந்தபோது, போனில் நன்றாகப் பேசுகிறவன் என்று மாடிக்கு அனுப்பினார்கள். விசாவில் எழுதியிருப்பது இன்றும் ரிசர்வேஷன் ஏஜென்ட்தான். அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, இறந்த பிறகு எங்கள் வீடு இந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. ஓட்டலில் ரிசர்வேஷன் என்றதும் அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கை சபீரா மட்டும் கேட்டாள், முழுக்கக் கேட்டாள். "குடிக்கிறியா?" என்றாள். இல்லை என்றேன். "சரி, அப்ப பாத்துக்க" என்று விட்டுவிட்டாள்.

சபீராவுக்கு இர்ஃபானைப் பேசி முடித்திருந்தோம். இர்ஃபானின் அத்தா ரஹீம் பாய் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் யூனிட் வைத்திருக்கிறார். மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் செய்து அனுப்புகிறவர். மகனும் அங்கேதான். எங்கள் நிக்காஹில் பெண்ணுக்கு ஒரு வலிகாரர் வேண்டும். அவளுக்குப் பொறுப்பாக நின்று, மாப்பிள்ளையிடம் 'நிக்காஹ் செய்து தந்தேன்' என்று சொல்கிறவர். அத்தா இல்லாத வீட்டில் அது அண்ணனின் இடம். அந்த வாக்கியத்தை நான் அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்ததுகூட உண்டு. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சபீராவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கோவப்படாம கேளு. ஒன் வீடியோ ஒண்ணு இங்க வந்துருக்குது."

"என்னா வீடியோ?"

"நீ வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே உள்ள வாங்கன்னு கை காட்டுற. அப்பறம் மத்தாப்பு, பாட்லு, பொம்பளைங்க. இர்ஃபான் வூட்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

"அம்மா பாத்துச்சா?"

"அம்மா கையிலதான் மொதல்ல குடுத்தாங்க."

ஓட்டல்காரர்கள் விளம்பரத்துக்காக எடுத்த வீடியோ அது. ஷார்ஜாவில் இருக்கும் இர்ஃபானின் பெரியப்பா மகன் பார்த்து ஊருக்கு அனுப்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெண் எடுக்கப்போகிற வீட்டைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னார். ஆனால் அதில் என் முகம் இருக்கிற நேரம் கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் நான் எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்திருக்கிறேன் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துப் போக வேண்டிய லீவை உடனே கேட்டு மேனேஜர் லாராவிடம் போனேன். இங்கிலாந்துக்காரி, நல்ல மாதிரி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "மாப்பிள்ளை வீட்டாருக்கு நம் கிளப்பினால் பிரச்னை." அவள் முகம் மாறிவிட்டது. "எந்த மேசையில் உட்கார்ந்தார்கள்? யார் சர்வ் செய்தது?" என்று பதறினாள். "அடுத்த முறை வரும்போது ஒரு பாட்டில் இலவசமாக அனுப்புகிறேன் என்று சொல்." நான் மறுபடி விளக்க முயன்றேன். என் தங்கையின் கல்யாணம் அதனால் நின்றுபோகலாம் என்றேன். "ஆனால் நீ குடிப்பதில்லையே, போன்தானே எடுக்கிறாய்? அதை அவர்களிடம் சொல்" என்றாள். அவள் கணக்கில் அதோடு விஷயம் முடிந்துவிட்டது. லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்யாணப் பெண்ணுக்கு என்று ஒரு வாசனைத் திரவியப் பெட்டியையும் கையில் கொடுத்தாள்.

சென்னையில் இறங்கி ரயில் பிடித்து விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வந்தபோது விடிந்திருந்தது. அம்மா கதவைத் திறந்தது. "சாப்டியா?" என்று கேட்டது, முகத்தைப் பார்க்கவில்லை. இட்லியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றபடியே, "ஓட்டலுன்னுதானேடா சொன்ன?" என்றது. "ஓட்டல்தாம்மா. மேல் மாடியில..." என்று தொடங்கினேன். "மேல் மாடின்னா ஓட்டலு இல்லயா?" என்று கேட்டது.

அன்றைக்கே சின்னத்தாவும் நானும் ரஹீம் பாயின் யூனிட்டுக்குப் போனோம். சின்னத்தா என் அத்தாவின் தம்பி, ஸ்ரீமுஷ்ணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், முன்கோபக்காரர். வெள்ளை மண் தூசு படிந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ரஹீம் பாயே துடைத்துப் போட்டார். டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. ரஹீம் பாய் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். தாழ்ந்த குரலில் பேசினார், அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"தம்பி, ஒங்கள கெட்டவருன்னு நா சொல்லல. ஒங்க அத்தாவோட பழகுனவன் நா. ஆனா பள்ளிவாசல்ல எல்லாரு முன்னாலயும் ஒக்காந்து எங்க புள்ள கையப் புடிச்சு நீங்க சொல்லும்போது, பாக்குறவங்க கண்ணுல அந்த வீடியோதான் ஓடும். அது எனக்கு வேணாம்."

"அப்ப என்னா செய்யணும்ங்கறீங்க?"

"ஒங்க சின்னத்தா வலிகாரரா இருக்கட்டும். நீங்க வாங்க, ஒக்காருங்க, சாப்புடுங்க. முன்னால மட்டும் வேணாம்."

"அப்ப பொண்ணே வேணாம்னு சொல்லிடுங்க பாய்!" என்று சின்னத்தா எழுந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பக்கத்து ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரஹீம் பாய் அசையவில்லை. "எனக்கு மருமகளா அந்தப் புள்ளதான் வேணும். அதனாலதான் இத நேர்ல சொல்றேன்" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம்.

எங்கள் ஜமாத்தின் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் யூசுஃப் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன். ஊரார் முன்னால் அவரை நான் 'நீங்க' என்பேன். தனியாக இருக்கும்போது 'நீ'தான். நாங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவான மத்ஹபில் வலிகாரருக்கு ஒழுக்கம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதை எந்த அளவுக்கு இறுக்கிப் பிடிப்பது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுஸ் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து யூசுஃப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "ஒன் உரிமைய நா புடுங்க முடியாது" என்றான். "நீயே சின்னத்தாவுக்குப் பொறுப்ப எழுதிக் குடு. ஒனக்காக அவரு சொல்றாருன்னு ஆவும். ரஹீம் பாய்க்கும் மனசு ஆறும்."

"அப்ப நா தகுதி இல்லாதவனா?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத என் வாயால சொல்ல வெக்காத, ஜாஃபர்."

அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்த மாடியில் போன் எடுக்கிற கையால்தானே இந்தக் கல்யாணத்துக்கான பந்தல்வரை நடந்தது என்று ஒரு மனம் சொன்னது. அதனால்தான் ரஹீம் பாய் விலகச் சொல்கிறார் என்று இன்னொரு மனம் சொன்னது. வீட்டுக்கு வந்து சொன்னபோது சபீரா பீரோவிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் அப்படியே நின்றாள். "குடுத்துட்டியா? என்னயக் கேட்டியா?" என்றாள். "ஒனக்காகத்தான் குடுத்தேன்" என்றேன். "எனக்காக எல்லாரும் எல்லாம் செய்றீங்க. எங்கிட்டதான் ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், கல்யாணநாள் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்த வீட்டுக்குள் நான் சத்தம் வராமல் நடந்து பழகினேன்.

நிக்காஹ் அன்று முற்பகல் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இர்ஃபான், ரஹீம் பாய், ஹஜ்ரத். நான் நடு வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்ணிடம் சம்மதம் கேட்டு வர, சின்னத்தாவும் இரண்டு சாட்சிகளும் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. திரும்பி வர இவ்வளவு நேரம் ஆகாது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். இர்ஃபான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் சாட்சிகளில் ஒருவர் மட்டும் வந்து ஹஜ்ரத்தின் காதில் ஏதோ சொன்னார். ஹஜ்ரத் நிமிர்ந்து, அத்தனை பேருக்கும் மேலாக என்னைத் தேடினார். "ஜாஃபர், நீங்க வூட்டுக்குப் போயிட்டு வாங்க."

வாசலில் செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. "என்னா ஆச்சு?" என்று சாட்சியிடம் கேட்டேன். பெண்கள் வெட்கத்தில் பேசாமல் இருப்பார்கள், அந்த மௌனத்தையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். இவள் பேசியிருக்கிறாள். சின்னத்தா கேட்டு முடித்ததும், "இதுக்கு நா சம்மதம் சொல்லல. எங்கண்ணன் வந்து கேக்கட்டும்" என்றாளாம். வெயில் காலைச் சுட்டது. போய் நின்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு வீடியோவுக்காக அவள் வாழ்க்கை கெடக்கூடாது என்று அந்த இரண்டு தெருவும் துவா செய்துகொண்டே ஓடினேன்.

அறை முழுக்கப் பெண்கள். இர்ஃபானின் அம்மாவும் இருந்தார். என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது. சபீரா தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தாள். மெல்ல, "சபீரா, இர்ஃபானுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க..." என்று ஆரம்பித்தேன்.

"கேக்கல" என்றாள். "இங்க இருக்குறவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேளு."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், வேண்டாம் என்று சொல்ல அவள் என்னைக் கூப்பிடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. நேராக நின்று, மாப்பிள்ளையின் பெயரையும் அவர் அத்தாவின் பெயரையும் சொல்லி, உரக்கக் கேட்டேன். "சம்மதம்" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். இர்ஃபானின் அம்மா எழுந்துவந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பள்ளிவாசலில் வாக்கியத்தைச் சொன்னது சின்னத்தாதான். ஆனால் அதற்கு முன் ஹஜ்ரத், "பெண்ணின் அண்ணன் ஜாஃபரின் சார்பாக" என்று மைக்கில் சத்தமாகச் சொன்னார். ரஹீம் பாய் தலைநிமிரவில்லை, தடுக்கவும் இல்லை. பிரியாணிப் பந்தலில் அவராகவே என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். "அந்த வேல..." என்று நிறுத்தினார். "கீழ ஓட்டலுக்கே மாத்தச் சொல்லிக் கேக்கப் போறேன் மாமு" என்றேன். "கேளுங்க. கெடச்சா மொதல்ல எனக்குச் சொல்லுங்க" என்றார். அதில் கட்டளை இல்லை. வேண்டிக்கொள்வதுபோல இருந்தது.

திரும்பி வந்ததும் கேட்டேன். "நீ மாடியில்தான் பொருத்தம்" என்றாள் லாரா, பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. காலியிடம் வந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறாள். இன்னும் மாடியில்தான் இருக்கிறேன். நேற்று வேலைக்கு நடுவே சபீரா வீடியோ காலில் கூப்பிட்டாள். உள்ளே சிக்னல் நிற்காது. சர்வீஸ் படிக்கட்டுக்குப் போனால் நன்றாக வரும், ஆனால் அந்தக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு காலால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் புது வீட்டை ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே போனாள். பின்னாலிருந்து ரஹீம் பாயின் குரல், "யாரும்மா போன்ல?" என்றது. "எங்கண்ணன் மாமு" என்றாள். முதுகில் ஏசியின் குளிர், முகத்தில் படிக்கட்டின் அனல். உள்ளே ஸ்பீக்கர்களைச் சோதிக்க ஆரம்பித்திருந்தார்கள். "அது என்னாண்ணே சத்தம்?" என்று சபீரா கேட்டாள். கதவு காலை நெரித்தது. காலை எடுக்காமல், "இரு, இன்னும் சமையக்கட்ட காட்டலியே" என்றேன்.