துணியில் இருந்த முகம்

பெனடிக்ட்டை ஓரிடத்தில் நிற்கவைக்க வேண்டுமென்றால் எதிரே ஒரு கண்ணாடி வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு அவருக்கு. வந்தவர்கள் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கும்போது, அவர்கள் தலைக்கு மேலே இவர் தம் தாடியைப் பார்த்துக்கொள்வார். "சாயம் போகவே போகாதும்மா" என்று வாய் சொல்லும். கண் கண்ணாடியில் இருக்கும். அழகான ஆள்தான், சும்மா சொல்லக்கூடாது. அந்த முகத்துக்காகத்தான் இருபத்துநாலு வயதில் அவரைப் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும் பாஸ்கா என்ற சிலுவைப்பாடு நாடகத்தில் இயேசு வேஷத்துக்குப் பிடித்தார்கள். இப்போது நாற்பத்தாறு. இன்னும் சிலுவையை இறக்கவில்லை.

அந்த நாடகத்தில் ஒரு கட்டம். சிலுவை சுமந்து போகிறவரின் முகத்தை வெரோணிக்கா என்ற பெண் ஓடிவந்து துடைப்பாள். துணியில் அவர் முகம் பதிந்துவிடும். அதற்காக முதல் வருடமே ஒரு ஸ்டுடியோவில் பெனடிக்ட்டின் முகத்தை வெள்ளைத் துணியில் அச்சடித்து வாங்கினார்கள். படம் உள்பக்கம் இருக்கும்படி மடித்து வைத்திருப்பார்கள். துடைத்துவிட்டுப் பிரித்துக் காட்டினால் கூட்டம் விம்மும். இன்றைக்கும் அதே துணிதான். அதில் இருப்பவனுக்கு வயது ஏறவே இல்லை. ரொம்ப நாள் பெனடிக்ட்டுக்கு அது பெருமையாக இருந்தது. இப்போதெல்லாம் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் தொடக்கத்தில் பங்குச் சாமியார் மெதுவாகச் சொன்னார்: "இந்த வருஷம் நம்ம ரெஜிஸ் செய்யட்டுமே. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக்குடுங்க."

ரெஜிஸ், அக்னஸ் டீச்சரின் மகன். பைக்கில் ஓட்டல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அக்னஸ்தான் வருடா வருடம் வெரோணிக்கா.

"தாராளமா சாமி" என்று பெனடிக்ட் சிரித்தார். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், குளியலறைக் கண்ணாடியின் முன் கன்னத்தை இழுத்துப் பார்த்தார். விட்டால் தொங்கியது.

இயேசு வேஷம் போடுகிறவர் தவக்காலம் முழுக்கக் கறியும் குடியும் தொடக்கூடாது. சாமியாரிடம் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அங்கியைத் தொடக்கூடாது. அந்தப் பங்கில் அது மீற முடியாத வழக்கம். ஒரு மத்தியானம் மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெனடிக்ட், ஒயின் ஷாப் வாசலில் ரெஜிஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் பஞ்சர்காரர் அவன் பைக் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். அதையும் பெனடிக்ட் பார்த்தார். பார்த்ததனால்தான் கொஞ்சம் தள்ளி நின்று, பஞ்சர்காரரும் தொட்டியும் வண்டியும் விழாமல், கடை போர்டும் பையனும் மட்டும் விழும்படி செல்போனில் படம் எடுத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல சாமி. பாத்தது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று சாமியாரிடம் காட்டினார். படம் பங்கு வாட்ஸப் குழுவுக்கும் 'எப்படியோ' போனது. எப்படியோ என்ன எப்படியோ, விரல் அவருடையதுதானே! பஞ்சர் என்று ரெஜிஸ் தொண்டை வறளச் சொன்னான். பனைமரத்தடியில் பால் குடித்த கதைதான், யார் நம்புவார்கள்? அவனுக்குப் பேசியிருந்த பெண் பெலிண்டாவின் வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரெஜிஸுக்குச் சாட்டை பிடிக்கும் சிப்பாய் வேஷம் கிடைத்தது. அங்கி பெனடிக்ட்டிடமே திரும்பி வந்தது.

வந்தும் நிம்மதி வந்ததா? முடி கொட்டியிருந்ததால் டோப்பா வாங்க ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார். நாடகச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் பீமராவ் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெருமாளே தைலக்காப்பு பூசினா கொஞ்ச நாள் திருமேனிய மறைச்சுக்கறார். நீங்க ஒரு வருஷம் ஒதுங்கினா என்ன சார்?"

"தாடிக்கு மை குடுங்க" என்றார் பெனடிக்ட்.

"குடுக்கறேன். ஆனா வேர்வை பட்டா ஓடிரும். முகம் தொடைக்கற அம்மாவ ஒத்தி எடுக்கச் சொல்லுங்க."

பாவசங்கீர்த்தனத்தில் பெனடிக்ட் கோபத்தைச் சொன்னார், சாயம் போகாதென்று விற்ற புடவைகளைச் சொன்னார். படத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அங்கி போய்விடுமே! ஒரு பாவத்தை ஒளித்துச் செய்யும் திருட்டுப் பாவசங்கீர்த்தனம் எவ்வளவு பெரிய பாவம் என்று கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாதா?

பெரிய வெள்ளி, மூன்று மணி வெயில். வசனமெல்லாம் முன்பே பதிவு செய்தது, வாயசைத்தால் போதும். ஸ்பீக்கரில் ஒலித்தது அவருடைய பழைய இளம் குரல். நாடகத்தில் சிலுவையோடு மூன்று தடவை விழவேண்டும். முதல் தடவை விழுந்து எழுந்தார். பின்னால் சாட்டையோடு ரெஜிஸ். டோப்பாவுக்குள் வேர்வை கொதித்தது. ஒத்தி எடுக்கச் சொல்ல மறந்தது அப்போதுதான் நினைவு வந்தது.

அவர் சிலுவையைத் தரையில் சாய்த்து முட்டி போட்ட இடத்துக்கு அக்னஸ் ஓடிவந்து மண்டியிட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். துணியை அவர் முகத்தில் அழுத்திக்கொண்டே முணுமுணுத்தார்: "ஆண்டவரே, எம் புள்ள மேல விழுந்த பழியையும் இப்படித் தொடச்சிருங்க."

பெனடிக்ட்டுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இந்த அம்மா யாரிடம் வேண்டுகிறார்!

அக்னஸ் அழுதுகொண்டே அழுத்தியதில் மடிப்பு கலைந்து, படம் இருந்த பக்கமே அவர் முகத்தைத் துடைத்திருந்தது. எழுந்து துணியை விரித்துக் காட்டினார். இருபத்துநாலு வயது முகத்தின் மேல் கரிய மை வழிந்து, கண்ணும் வாயும் கோரமாகக் கலங்கியிருந்தன. கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள்: "அய்யோ, இந்த வருஷம் நெசமாவே பதிஞ்சிருக்கு பாருங்க!"

ஜனங்கள் முட்டி போட்டார்கள். பெனடிக்ட் அந்த முகத்தைப் பார்த்தார். நெசமாகத்தான் பதிந்திருந்தது.

"அக்கா" என்றார். சொந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அவன் குடிக்கலக்கா. வண்டி பஞ்சரு. தொட்டிய நான் பாத்தேன். பாத்துட்டு, அது தெரியாத மாதிரி படம் எடுத்தேன்."

அக்னஸின் கை தாழ்ந்தது. ஸ்பீக்கரில் இளைய பெனடிக்ட் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டே போனான். ரெஜிஸும் கேட்டுவிட்டான், சாட்டை ஓங்கிய கை அப்படியே நின்றது. கண் சிவந்திருந்தது. அடித்திருந்தாலும் யாரும் நடிப்பென்றுதான் நினைத்திருப்பார்கள்.

"இப்பவே இறங்கிர்றேன்டா. மைக்க வாங்கி எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன்" என்றார் பெனடிக்ட்.

ரெஜிஸ் குனிந்து சிலுவையின் ஒரு முனையைத் தூக்கி அவர் தோளில் வைத்தான்.

"சொல்லத்தான் போறீங்க மாமா. மொதல்ல எந்திரிங்க. இன்னும் ரெண்டு தடவ விழணும்."